கோட்டை மதிலும் ஒரு வாசகமும்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு ஒருநாட் பயணமாகச் செல்வோர், 1077ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்து வியப்பர். அந்நகரின் பெயரோ ‘உப்புக் கோட்டை’ எனப் பொருள்படுவது. அருகிலுள்ள ஹல்லைன் சுரங்கங்களில் உப்பெடுத்தோரின் வியர்வையே பேராயர்களின் மாளிகைகளாக எழுந்தது. உப்பின் கதையை அறியாதார் அக்கோட்டையின் கதையையும் அறியார்.

நமக்கும் ஒரு கோட்டை உண்டு. கரடியனாற்றிலிருந்து மாணாக்கருடன் விடியற்காலையில் பஸ் ஏறி, செங்கலடியைக் கடந்து, மட்டக்களப்பின் புளியந்தீவை அடைந்தோம். நான்கு கொத்தளங்கள், இருபுறமும் வாவி. படுவான்கரைப் பிள்ளைகள் பலருக்கு அதுவே முதற்காட்சி.

1628இல் போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டையை, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் துணைவர் என்ற பெயரிலேயே அவர்கள் வந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அரசாங்கக் கச்சேரியும் நெடுங்காலம் இம்மதிலுக்குள்ளேயே இயங்கியது.

“உதவிக்கு வந்தவங்க ஏன் சேர் திரும்பிப் போகல்ல?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவ்வினாவுக்கு விடை கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அதே மே மாதத்தில், வெஸ்டர்வோல்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதி மன்னனுடன் ஓர் உடன்படிக்கை செய்தான். போர்ச்செலவைக் கறுவா, மிளகு முதலிய பண்டங்களாக மன்னன் ஈடுசெய்தல் வேண்டும். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவர். ஆனால், ‘மன்னன் விரும்பினால்’ மட்டுமே. இந்த நிபந்தனை மன்னனிடமிருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. ஒரு சிறு வாசகம் மறைந்தது. அதன் விலையை இந்நாடு நெடுங்காலம் செலுத்தியது.

மன்னனுக்கு ஒரு பிரதியாவது இருந்தது. மதிலுக்குக் கல் சுமந்தோருக்கும், படைகளுக்கு நெல் விளைத்தோருக்கும், காட்டிலே கறுவா உரித்தோருக்கும் எந்தப் பிரதி இருந்தது? அவர்தம் பெயரை எந்தக் கல்வெட்டுச் சுமக்கின்றது?

மாலையில் ஊர் திரும்புகையில் நாம் சிந்தித்தது இதுவே. நமது மாணாக்கரின் தாய்மார் இன்றும் நுண்கடன் பத்திரங்களில், வாசித்துப் பாராமலே கையொப்பமிடுகின்றனர். தந்தையர் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன்படுகின்றனர். வட்டி எவ்வளவு, தவணை தவறினால் விளைவு என்ன என்பது அறுவடைக்குப் பின்னரே அவர்களுக்கு விளங்குகிறது. ஒல்லாந்தர் போய்விட்டனர், மறைந்த வாசகங்கள் போகவில்லை.

வரலாற்றுப் பாடம் ஆண்டுகளை மனனம் செய்வதற்கன்று. ‘இப்பத்திரத்தில் எது விடுபட்டது, விடுபட்டதால் ஆதாயம் யாருக்கு?’ என்று கேட்கும் துணிவை அது தருதல் வேண்டும். அன்று கோட்டை வாசலில் அம்மாணவி கேட்டாள். நாளை அவள் தன் வீட்டுத் திண்ணையிலும் கேட்பாளாயின், நமது ஒருநாட் பயணம் வீண்போகவில்லை.