சொத்துவரி (தமிழ்நாடு)

நகரப் பகுதிகளில் வீடு, கடை, காலிமனை ஆகியவற்றுக்கு உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் வரி. ஊராட்சிகளில் இதற்கு ‘வீட்டு வரி’ என்று பெயர். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என அரையாண்டுதோறும் செலுத்த வேண்டும். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. ஆனால் உச்சவரம்பு ரூ. 5,000. தவறினால் மாதம் 1 விழுக்காடு தனிவட்டி. சிறு தொகைதானே என்று விட்டுவைப்பவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நிலுவை நீண்டால் அறிவிப்பு வரும், பிறகு ஜப்தி நடவடிக்கை. வணிகக் கட்டடங்களுக்குச் சீல் வைப்பதும் உண்டு.

பாக்கி சொத்தைத் தொடரும், ஆளை மட்டுமல்ல. ஆகவே பழைய வீடு வாங்குவோர் பத்திரப் பதிவுக்கு முன்பே வரிவிதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, கடைசி அரையாண்டு வரை ரசீது இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.