தத்தேற்புக்குப் பின்: கேரள எல்லைத் தமிழ்க் குடும்பங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தத்தெடுத்தல் என்றவுடன் வாரிசுரிமையும் ஈமக்கடனுமே பெரிதும் பேசப்படுகின்றன. குழந்தை புதிய இல்லம் புகுந்தபின் அக்குடும்பத்திற்குத் துணைநின்றவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் பார்வை

ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் தத்தினைச் சொத்துரிமைச் சிக்கலாகவே நோக்கின. இராமநாதபுரம் சமஸ்தான வழக்கில் பிரிவி கவுன்சில் 1868இல் வழங்கிய தீர்ப்பு இதற்குச் சான்றாகும். கணவனின் அனுமதி பெறாத கைம்பெண் பங்காளிகளின் இசைவுடன் தத்தெடுக்கலாமா என்பதே அங்கு ஆராயப்பட்டது. எடுக்கலாம் எனத் தீர்ப்பாயிற்று. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமும், தத்தளித்தபின் ஒருவர் அவ்வில்லம் சென்று காணவேண்டும் என விதிக்கவில்லை. கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களுக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பாதுகாவலர் உரிமை மட்டுமே கிட்டியது. இளைஞர் நீதிச் சட்டம் 2006இல் திருத்தப்பட்ட பின்னரே சமய வேறுபாடின்றித் தத்தெடுக்கும் வழி தெளிவுற்றது.

குழந்தையின் நலனைத் தொடர்ந்து அறியவேண்டும் என்னும் கருத்து, இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்சநீதிமன்றம் 1984இல் வழங்கிய தீர்ப்பால் வலுப்பெற்றது. அது வெளிநாட்டுத் தத்தேற்பைப் பற்றியதாயினும், பின்வந்த நெறிமுறைகளுக்கு அடிப்படையாயிற்று. 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, ஈராண்டுகளுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை தொடர்நிலை அறிக்கை அணியம் செய்யப்பட வேண்டும். இணக்கக்குறைவு தோன்றின் ஆற்றுப்படுத்துதல் வழங்கப்பட வேண்டும்.

எல்லைத் தமிழரும் மொழியும்

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. பாலக்காடும் அம்மாநிலத்தோடு இணைந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் தமிழிலேயே விடைபெறவும் வழிசெய்கிறது. ஆயின் அவ்வுரிமை எழுத்தைச் சார்ந்தது. இல்லம் வரும் சமூகப் பணியாளரின் பேச்சைச் சார்ந்ததன்று. மலையாளச் சூழலில் வளர்ந்து, ‘அச்சன்’, ‘சேச்சி’ எனப் பழகிய மூன்று வயதுக் குழந்தை தமிழில்லம் புகுமாயின், ‘அப்பா’, ‘அக்கா’ என்னும் சொற்கள் அதற்குப் புதியவை. குழந்தையின் மௌனம் அச்சத்தால் விளைந்ததா, மொழி மாற்றத்தால் விளைந்ததா என்பதை இருமொழியும் அறிந்தவரே எளிதில் உணர இயலும். பெற்றோரும் தம் தளர்ச்சியைத் தாய்மொழியிலன்றி மனந்திறந்து கூறுதல் அரிது.

செவிலியின் வருகை

குறுந்தொகை 167ஆம் பாடலில், மணமனை சென்று திரும்பிய செவிலி தான் கண்டதை நற்றாய்க்கு உரைப்பதாகக் கூடலூர் கிழார் அமைத்துள்ளார். அது தத்தில்லம் அன்று. எனினும் அவள் நோக்கு ஈண்டுக் கருதத்தக்கது. குறைகாணச் சென்றவளாக அவள் காட்டப்படவில்லை. தலைவி சமைத்ததைத் தலைவன் விரும்பி உண்பதும் அதனால் அவள் முகம் மலர்வதுமே அவள் கண்ட செய்திகள். இல்லறம் வேரூன்றியதை அன்றாடச் செயல்வழியே அவள் அறிகிறாள்.

முடிவுரை

தத்து, கொடுக்கும் நாளோடு முடிவதன்று. எல்லைத் தமிழ்க் குடும்பங்களைக் காணச் செல்வோர் தமிழறிந்தவராயும் செவிலியின் நோக்குடையவராயும் அமையின், தொடர்நிலை அறிக்கை வெறும் பதிவாக நில்லாமல் துணையாக மாறும் எனலாம்.