ஒழுகுற தொட்டியும் முல்லைப் பெரியாறும்

நம்மூர்ல நீச்சல் குளம்னா கிணறுதான். ஆனா வெளிநாட்டுல வீட்டோட நீச்சல் குளம் வச்சிருக்கிற புண்ணியவான்கள், தண்ணி குறைஞ்சா முதல்ல செய்யறது வாளி சோதனை. குளத்துப் படியில ஒரு வாளியை வச்சு, உள்ளேயும் வெளியேயும் தண்ணி ஒரே மட்டத்துல இருக்கிற மாதிரி நிரப்பி, ஒரு நாள் விட்டுப் பார்க்கணும். வாளியில குறைஞ்சது வெயில் குடிச்சது. குளத்துல அதைவிட அதிகமா குறைஞ்சிருந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். மெமரி லீக் தேடி ராத்திரி முழிக்கிற நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு இது டக்குனு புரியும்: முதல்ல அள, அப்புறம் அடை.

இதே வேலையை எங்க மலைக்கு அந்தப் பக்கம் பல தலைமுறையா செய்யறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மேற்கே தெரியுற மலைத்தொடருக்குப் பின்னால ஓடுது பெரியாறு. பிறக்கிறது ராஜபாளையத்துக்குத் தெற்கே, சிவகிரி மலையில. ஆமாங்க, முல்லைப் பெரியாறு அணையைத்தான் சொல்றேன். (ரெண்டு மாநிலத்துல இருந்தும் ஆட்டோ வரலாம். பார்த்துக்கலாம்!)

1887-ல ஆரம்பிச்சு 1895-ல பென்னிகுக் முடிச்ச அணை இது. வெளிப்பக்கம் கருங்கல் கட்டுமானம். நடுவுல சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த கான்கிரீட். தன்னோட எடையாலயே தண்ணியைத் தாங்கி நிக்கிற வகை. இதுல கசிவுன்னா தண்ணி போற நஷ்டம் பெரிசில்லை. போற தண்ணி சுண்ணாம்பையும் கரைச்சு எடுத்துட்டுப் போகும். சுண்ணாம்பு போனா எடை குறையும், உள்ளே இண்டு இடுக்கு பெருகும். 1930கள்லயே துளை போட்டு சிமெண்ட் பாலை அழுத்தத்தோட உள்ளே செலுத்தினாங்க. 1960கள்லயும் அதே வைத்தியம் நடந்துச்சு.

1979 ஆகஸ்ட்ல குஜராத்தில் மச்சு அணை உடைஞ்சு மோர்வி நகரமே மூழ்கினப்ப, இடுக்கிப் பக்கம் பயம் பிடிச்சுக்கிச்சு. அணைக்குக் கீழே குடியிருக்கிறவங்க பயத்தை நாம கிண்டல் பண்ண முடியாது. 152 அடி வரை தேக்க வேண்டிய தண்ணியை 136 அடியா குறைச்சாங்க. அதே நேரம், தேனியில இருந்து ராமநாதபுரம் வரை வயல்கள் இந்தத் தண்ணியை நம்பி இருக்கு. இதுவும் நிஜம்.

அப்புறம் நடந்த ரிப்பேர்ல மூணு வேலை. அணை உச்சியில கான்கிரீட் தொப்பி போட்டு எடையைக் கூட்டினாங்க. மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, எஃகுக் கம்பிகளை இறக்கி, இழுத்துக் கட்டினாங்க. பின்பக்கம் கான்கிரீட் சுவரை முட்டுக் கொடுத்து நிறுத்தினாங்க.

எனக்குப் பிடிச்ச விஷயம் அந்தப் பின்சுவர்லதான் இருக்கு. உள்ளே ஒரு சுரங்க நடை விட்டிருக்காங்க. கசியிற தண்ணி அங்கே வந்து சேரும். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு அளக்கலாம். இந்த மாதிரி அணையில ஒரு சொட்டும் கசியக்கூடாதுன்னு அடம் பிடிக்க முடியாது. அடைச்சு வச்சா உள்ளே அழுத்தம்தான் ஏறும். அதனால கசிவுக்கு வழி விட்டு, கணக்கு வைக்கிறாங்க.

2014 மே 7-ல உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி கொடுத்து, கண்காணிப்புக் குழுவையும் அமைச்சது. குழு போறப்ப எல்லாம் கசிவு நீரின் அளவையும் பார்க்குது. நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏறினா, அது இயல்பு. மட்டம் அப்படியே இருக்க கசிவு மட்டும் கூடினாலோ, தண்ணி கலங்கி வந்தாலோதான் ஆபத்து.

வழக்கும் பேச்சும் இன்னும் ஓயலை. 'அணை உடையும்'னு ஒரு கோஷம், 'உடையாது'ன்னு ஒரு கோஷம். ரெண்டுக்கும் நடுவுல அந்த லிட்டர் கணக்கு இருக்கு. அதை ரெண்டு மாநிலத்து ஆளுங்களும் சேர்ந்து நின்னு அளந்து, அன்னிக்கே ஊர் பார்க்கப் பலகையில எழுதிப் போட்டா, கோஷத்துக்குத் தேவை கொஞ்சம் குறையும்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?