கவ்வாத்துக் கத்தியும் தீட்டுகல்லும்

மலையகத் தேயிலையின் வரலாற்றை எழுதுவோர், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்டதிலிருந்து தொடங்குவர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும், ஹட்டன், நுவரெலியாச் சரிவுகளைத் தேயிலை மூடியதும் அடுத்து வரும். அச்செடிகளை இன்றுவரை இடுப்பளவில் நிறுத்திவைக்கும் கவ்வாத்துக் கத்தியோ அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது.

தேயிலை இயல்பில் மரமாக வளர்வது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்தாவிடின் கொழுந்து கைக்கு எட்டாது. வெட்டுண்ட செடி வேரிற் சேமித்த மாப்பொருளைக் கொண்டே மீண்டும் தளிர்க்கும். வலுவிழந்த அந்நிலையிற் புண் ஆறவேண்டுமாயின் வெட்டு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் அமைதல் வேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளவில் நீர் தங்கும். பூஞ்சணம் புகுந்து தண்டை உக்கச் செய்யும்.

தீட்டுதலும் எளிதன்று. விளிம்பு மெலிந்தால் இலகுவில் வெட்டும். ஆயின் முற்றிய கிளையில் ஒடியும். தடித்தால் தாங்கும், ஆயின் கை சோரும். சாணையில் நீரின்றி அழுத்தினால் உருக்கு சூடேறி நீலம்பாரித்துப் பதங்கெடும். கல்லில் மெல்லத் தேய்த்து, இறுதியில் எழும் பிசிரையும் நீக்கினாலன்றி வேலை முடிவதில்லை.

1904இல் அமெரிக்காவில் ஜில்லெற் காப்புரிமை பெற்ற சவர அலகு, தீட்டாது எறியும் வழக்கத்தைப் பரப்பிற்று. பிற்காலத்தில் தச்சரின் சீவுளி இயந்திரத்துக்கும் அத்தகைய அலகுகள் வந்தன. கவ்வாத்துக் கத்தி அவ்வழிச் செல்லவில்லை, தேயுமளவும் தீட்டப்பட்டது.

1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர் தலவாக்கலையில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் கவ்வாத்தின் காலத்தையும் உயரத்தையும் ஆராய்ந்து அறிவுரை வழங்கியது. அவ்வறிவு செடியைச் சேர்ந்தது தொழிலாளியின் கைவழியே. எனினும் அவர்தம் உழைப்பு ‘கூலி’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கப்பட்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சியோருக்குப் பரிகாரம் காணும் சட்டம் 2003இலேயே வந்தது. உடல்வலியன்றி வேறறியார் என்று எண்ணப்பட்டோர் உருக்கின் பதமும் செடியின் புண்ணும் அறிந்திருந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் ஒப்பனை செய்த படைக்கலங்களுக்கு எதிரே, நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலிற் கிடந்த அதியமானின் வேல்களை நிறுத்தினார். உழைத்த கருவியே தேயும். தேய்ந்த கவ்வாத்துக் கத்தியும் அத்தகைய சான்றே. தோட்டப் பதிவேடுகளோடு இக்கத்திகளையும், அவற்றைத் தீட்டியோரின் வாய்மொழியையும் திரட்டுதல் வரலாற்று மாணவர் கடமையாகும்.