விரலில் நோய், கழுத்தில் காரணம்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் சிரியா நாட்டைச் சேர்ந்த பௌஸானியாஸ் என்னும் சொற்பொழிவாளர் ரோமாபுரிக்கு வந்திருந்தார். அவருடைய சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலின் ஒரு பாதியும் மரத்துப் போயின. விரல்களை அசைக்க முடிந்தது. தொட்டால் மட்டும் தெரியவில்லை. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்திட்டு வந்தனர். பயன் ஏதும் விளையவில்லை.

அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்றழைக்கும் காலென் அப்போது அங்கிருந்தார். அவர் விரலைப் பார்ப்பதற்கு முன், நோயாளியின் கதையைக் கேட்டார். வண்டியிலிருந்து விழுந்தபோது முதுகின் மேற்பகுதி கல்லில் மோதியது என்று தெரிய வந்தது. கழுத்தின் ஏழாவது எலும்புக்குக் கீழே புறப்படும் நரம்பே பழுதுற்றது என முடிவு செய்து, மருந்தை முதுகுத்தண்டில் இடச் செய்தார். நோய் தீர்ந்ததாகத் தம் நூலிலே எழுதி வைத்தார்.

இது குருட்டு ஊகமன்று. விலங்குகளின் தண்டுவடத்தை வெவ்வேறு இடங்களில் அறுத்துப் பார்த்தவர் அவர். அறுத்த இடத்துக்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப் போவதைக் கண்டிருந்தார்.

இவ்வறிவு அழியாமல் காக்கப்பட்டது பக்தாதிலே. 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் மாணவரும் ஜாலீனூஸின் நூல்களை ஸிரியாக் மொழியிலும் அரபியிலும் பெயர்த்தனர். அவற்றைக் கற்றுத் தேர்ந்த அபூபக்கர் அர்-ராஸி, 'கிதாபுல் மன்ஸூரி'யில் தண்டுவட நரம்புகளை 31 இணைகள் என எண்ணிக் காட்டினார். கீழ்ப்பகுதியைப் பகுக்கும் முறை மாறியிருப்பினும், மொத்தம் 31 என்பதே இன்றைய கணக்கும் ஆகும். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனுக்குச் சென்றது.

உணர்வு போய் அசைவு மட்டும் எஞ்சுவது எங்ஙனம்? ஒவ்வொரு தண்டுவட நரம்புக்கும் இரு வேர்கள் உண்டு. முன்வேர் அசைவுக்குரியது என்பதை 1811இல் சார்லஸ் பெல்லின் ஆய்வு சுட்டியது. பின்வேர் உணர்வுக்குரியது என்பதை 1822இல் மஜாந்தி நிறுவினார். பின்வேர் மட்டும் கெட்டால், அசையும் விரலும் உணர்வற்றிருக்கும்.

மொரீஷியஸில் 1817இல் பிறந்த பிரௌன்-செக்கார் மற்றொரு விந்தையை விளக்கினார். தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் அறுபட்டால், அந்தப் பக்கத்துக் கால் செயலிழக்கும்; ஆனால் சூடும் வலியும் அறியாமற் போவது மறுபக்கத்துக் கால்! வலியையும் வெப்பத்தையும் சுமக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே மறுபக்கம் தாவிவிடுவதே காரணம்.

வலி இல்லாமை ஒரு சுகமென நாம் எண்ணலாம். உணர்விழந்தவர் அடுப்பின் சூட்டை அறியார். ஒரே பக்கம் படுத்துப் படுத்துத் தோல் புண்ணாவதையும் அறியார். தண்டுவடம் முறிந்தோர் பலரை மாய்த்தவை இப்படுக்கைப் புண்களும் சிறுநீர்த் தொற்றுமே. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளிகளை இரண்டு மணிக்கொருமுறை இரவும் பகலும் புரட்டிப் படுக்கச் செய்தார். உடல் சொல்ல மறந்ததைப் பிறர் நினைவிற்கொண்டு செய்த பணி அது.

வீட்டில் எவருக்கேனும் கையோ காலோ மரத்துப்போனால், அந்த இடத்துக்குத் தைலம் தேடுவதோடு நின்றுவிடலாகாது. எப்போது விழுந்தீர், எங்கே அடிபட்டது என்று கேட்க வேண்டும். மருத்துவரிடமும் அதை மறவாது சொல்ல வேண்டும். பௌஸானியாஸின் விரல்களை மீட்டுத் தந்தது அந்த ஒரு கேள்வியன்றோ!