வரலாற்றுப் பேராசிரியர் பதவியும் பச்சிலைப்பள்ளி மண்ணும்

பல்கலைக்கழகமொன்றின் வரலாற்றுத்துறைக்கு ஒருவர் நியமனம் பெற்றார் என்னுஞ் செய்தி பத்திரிகையில் இரண்டொரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. உற்றாரும் மாணாக்கரும் மகிழ்வர், ஏனையோர் மறந்துவிடுவர். ஆயினும், அப்பதவியில் அமர்பவர் எவ்விடத்திலிருந்து எச்சான்றுகளை நாடுகின்றார் என்பதைப் பொறுத்தே ஒரு நாட்டின் பழமையுள் எப்பகுதி விளக்கம் பெறும் என்பதும் அமைகின்றது. இதற்குப் பளையும் அதன் அயலும் தக்க எடுத்துக்காட்டாகும்.

பளை, பச்சிலைப்பள்ளியைச் சேர்ந்த ஊர். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி என்பவற்றோடு பச்சிலைப்பள்ளியும் ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தின் நிருவாகப் பிரிவாக விளங்கிற்று. குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் வாயில் இதுவாதலின், ஆனையிறவுப் பக்கத்தில் அவர்கள் காவற்கோட்டைகளை அமைத்தனர். இத்துணைச் சிறப்புடைய நிலம் நெடுங்காலம் வரலாற்றாசிரியரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. உயர்கல்வி நாடித் தெற்கே சென்ற வடபுல மாணாக்கருக்குப் பளை, வழியிலுள்ள ஒரு புகையிரத நிலையமாகவே இருந்தது.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, வங்காளத்தவரான எச். சி. ரே அதன் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கினார். தொல்பொருட் திணைக்களத்தின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற எஸ். பரணவிதான, பின்னர்ப் பேராதனையில் ஆய்வுப் பேராசிரியரானார். இவ்விருவரின் தொடர்பில் உருவான பல்கலைக்கழக இலங்கை வரலாற்றின் முதற்றொகுதி 1959, 1960 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அங்கு விரிவுரையாளராயிருந்த சின்னப்பா அரசரத்தினம், ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்ககாலம் பற்றிய நூலை 1958 இல் வெளியிட்டார். 1961 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்திற்கும், பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றார். ஒருவருக்குக் கிடைத்த உயர்பதவி அவருக்குப் பெருமை. பிறந்த மண்ணுக்கோ அது ஓர் இழப்புமாகும்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியமை நிலைமையை மாற்றிற்று. பேராதனையில் விரிவுரையாற்றிய கா. இந்திரபாலா இங்கு முதல் வரலாற்றுப் பேராசிரியரானார். வளாகம் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அடுத்து நிகழ்ந்த ஆனைக்கோட்டை அகழ்வில், பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையொன்று பெருங்கற்கால ஈமப் புதைகுழியிற் கிடைத்தது. அதன்பின் பேராசிரியர் சி. க. சிற்றம்பலத்தின் ஆய்வுகளும், 1993 இல் வெளிவந்த ப. புஷ்பரட்ணத்தின் பூநகரித் தொல்பொருளாய்வு நூலும் வடபுலப் பழமைக்குப் புதிய அடித்தளம் இட்டன. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரி, கடனீரேரிக்கு அப்பால் யாழ்ப்பாணத்தை நோக்கி நிற்பது. ஆராய்வோர் அண்மையிலே அமர்ந்த பின்னரே அம்மண்ணின் மட்கலவோடுகள் நூலேறின.

இதன் பயனை இந்திரபாலாவின் வாழ்விலேயே காணலாம். 1965 இல் இலண்டனில் அளித்த ஆய்வேட்டில், இலங்கையின் தமிழ்க் குடியேற்றங்கள் பெருமளவில் நிலைபெற்றதைப் பிற்காலத்ததாகவே அவர் கொண்டார். இடைக்காலத்திற் கிடைத்த தொல்பொருட் சான்றுகளை ஏற்று, 2005 இல் வெளியிட்ட நூலில் அம்முடிபைத் தாமே கைவிட்டார். தம் பெயரை நிலைநாட்டிய கருத்தைச் சான்றின் முன்னிலையில் விட்டுக்கொடுத்தல் எளிதன்று. பதவியின் உயர்வு இத்தகைய நேர்மையால் அளக்கப்படுவது.

போர்க்காலத்தில் பளை மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். 2014 மார்ச்சில் யாழ்தேவி மீண்டும் பளையை வந்தடைந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாயமும் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. 2021 இல் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயின் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் என்னும் பீடங்களோடேயே அது தோன்றிற்று. வயலுக்கும் இயந்திரத்துக்கும் வேண்டிய அறிவு வன்னிக்கு வந்தமை மகிழ்தற்குரியது. வீடு கட்டவும் வீதி அமைக்கவும் நிலம் தோண்டப்படும் இந்நாளில், வெளிப்படும் ஓட்டுத்துண்டை இன்னதென்று அறிந்து காப்பவரும் அங்கு வேண்டும். அவ்வாறொருவர் அமரும் நாளில், பச்சிலைப்பள்ளியின் வரலாறு அயலூர்ச் சான்றுகளால் ஊகிக்கப்படாது, தன் மண்ணின் சான்றினாலேயே எழுதப்படும். வரலாறு பயிலும் இளைஞர் அப்பணிக்குத் தம்மைத் தகுதியாக்கிக் கொள்வாராக.