அண்ணாச்சியின் ஹெரால்டும் ஒரு பின் கதவும்

போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்த புதிதில் (2024-லிருந்து ஏட்டில் ஸ்ரீ விஜயபுரம். நம் ஆட்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்) பழக்கமானவர் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். போன வருஷம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல தேடுத ஆளு. நம்ம வண்டிக்கு ஒரு கதவு பாத்துக் குடுங்களேன்" என்றார்.

கதவுதானே என்று தலையாட்டிவிட்டேன். விதி!

வண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. எழுபதுகளில் மெட்ராஸில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாராம். உப்புக் காற்றில் கொட்டகைக்குள் இருபது வருஷம் நின்றதில் இடது பின் கதவு சல்லடை. ஆச்சிக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. அந்த வண்டியிலேயே ஒரு தடவை கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குக் கூட்டிப் போகவேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. ஆச்சி உட்காருவது எப்போதும் இடது பின் சீட்டுதான்.

ஹெரால்டு நம்மூர்க் கார் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வண்டலூரில் செய்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1948-ல் மெட்ராஸில் ஆரம்பித்தது. முதலில் வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்ட் டென், 1961-லிருந்து ஹெரால்டு. ஆறு மாசம் முன்னால் நான் அம்பாசடரையும் பியட்டையும் தவிர வேறெதையும் கண்டவனில்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு யோசனை சொன்னது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இங்கே இடமில்லை, பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்பவர்களுக்குத்தான் அனுமதி என்று. அரசும் ஏற்றுக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போக, மிஞ்சிய சிலரில் நம்ம ஸ்டாண்டர்டும் ஒன்று. அந்நியச் செலாவணி அரிதான காலம். சாமானுக்கு அயல்நாட்டை எதிர்பார்த்து நிற்கக்கூடாது என்பதுதான் கணக்கு. தப்பே சொல்ல முடியாது.

ஹெரால்டு இதற்கு வாகாக அமைந்தது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம், இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்தது. முழு உடலையும் ஒன்றாக அடித்துத் தரும் ஆலை ஸ்டாண்டர்ட் கம்பெனியின் கைக்கு எட்டாமல் போனதால், தனிச் சேஸிஸ் போட்டு உடலைத் துண்டு துண்டாகப் போல்ட்டில் பூட்டினார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து மொத்த மூஞ்சியும் எழும்பும். மெக்கானிக்குக் கொண்டாட்டம்!

அங்கே எஞ்சினை 1147, 1296 சிசி என்று பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். நாம் கடைசிவரை 948-ஐ விடவில்லை. ஆனால் அவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தோம். 1968-ல் மார்க் 3-க்கு நாலு கதவு. ட்ரையம்ஃப் ஹெரால்டு எல்லாம் இரண்டு கதவுதான். குடும்பத்தோடு கல்யாணம், கோயில் என்று போகிற ஊருக்கு இரண்டு கதவு எந்த மூலைக்கு?

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் தேய்ந்திருந்தது. இதற்கு கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே மறை காய்ந்து, தண்ணீர் இறங்கி, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு. அது 1980 வரை வந்த வண்டி என்பதால் இங்கிலாந்தில் டிரன்னியன் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. வரவழைத்தேன். இடதுக்கும் வலதுக்கும் மறை எதிரெதிர்த் திசை என்று தெரியாமல் இரண்டையும் வலதாகவே ஆர்டர் செய்துவிட்டேன். பி.காம் படித்தவன் டிரன்னியன் வாங்கினால் இப்படித்தான். மறுபடி பணம், மறுபடி சுங்கம், மறுபடி காத்திருப்பு. அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

ஆனாலும் வந்து சேர்ந்தது பாருங்கள். ஆறு கடல் தாண்டி வரவேண்டியது வந்துவிட்டது. வண்டலூர்க் கதவு வரவில்லை! லீவில் சென்னை போனபோது புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தேன். "ஹெரால்டா? அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போட்டாச்சு சார்." வெள்ளைக்காரன் கடையில் கேட்டால் அவனுக்கு அப்படி ஒரு கதவு இருந்ததே தெரியாது. யாரையும் எதிர்பார்க்கக்கூடாது என்று நாமே செய்துகொண்டது எதுவோ, அது மட்டும்தான் இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் 1977-ல் நின்றது. 1985-ல் ரோவர் எஸ்டி1 உடலுக்குள் பழைய வேன்கார்டு எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒன்று விட்டார்கள். மாருதி வந்துவிட்ட காலம். 1988-ல் அதுவும் முடிந்தது. 2006-ல் மிச்சமிருந்த எஸ்டி1 பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்துக் கம்பெனி மொத்தமாக வாங்கிப் போனது. அங்கே ரோவரைக் கொஞ்சுகிறவர்கள் இருந்தார்கள். ஹெரால்டின் பின் கதவை யார் கொஞ்சுவது? எங்கள் பாங்க் கணக்கில் இந்த மாதிரி வண்டியின் மதிப்பு எப்போதோ பூஜ்யம்.

கடைசியில் உள்ளூர் டிங்கர் ஒருவர் வலது பின் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து இடப்பக்கத்துக்குத் தகடு தட்டுகிறார். மரத்துக்குத்தான் இங்கே பஞ்சமில்லை, இற்றுப்போன டேஷ்போர்டைப் படாக் மரத்தில் இழைத்தாயிற்று. ஒரிஜினலைவிட ஜோர். கண்ணாடிதான் பாக்கி. டஃபன் செய்த கண்ணாடியை அப்புறம் வெட்ட முடியாது, நொறுங்கிவிடும். வடிவம் வெட்டிய பிறகே சூளையில் வைக்கவேண்டும். அந்தச் சூளை வசதிக்குச் சென்னைதான்.

அட்டையில் அளவு வெட்டி, எது வெளிப்பக்கம் என்று இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதி, போன செவ்வாய் கப்பலில் அனுப்பினேன். போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் கடல் எப்படியோ. நேற்றுக் கடைக்குப் போனேன். உள்ளேயிருந்து ஆச்சி கேட்டார்கள், "கண்ணாடி வந்துட்டாய்யா?"